லெப்டினன்ட் ஆக மூன்று ராத்திரி

இந்த போர்டு கேமை வாங்கும்போது செஸ்ஸுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றுதான் நினைத்தேன். இல்லை. இது போர் விளையாட்டு. நீங்கள்தான் லெப்டினன்ட், உங்கள் கையில் ஒரு பிளட்டூன் என்ற சிறு படைப்பிரிவு: 30 சொச்சம் வீரர்கள், மூன்று செக்‌ஷன்களாக, அதாவது குழுக்களாக. ஆனால் காயைத் தொடக்கூடாது. உத்தரவைச் சீட்டில் எழுதி நடுவரிடம் தர வேண்டும். அவர் அதை ஒரு சுற்று தாமதித்துத்தான் செக்‌ஷனிடம் சேர்ப்பார். 1824-இல் பிரஷ்ய ராணுவம் ஏற்றுக்கொண்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' என்ற போர் விளையாட்டுப் பயிற்சியிலும் நடுவர்தான் எல்லாம்.

முதல் ஆட்டத்தில் "வேலியோரமாகப் போய் மேட்டைப் பிடி" என்று எழுதினேன். எந்த வேலி? வரைபடத்தில் இரண்டு இருந்தன. செக்‌ஷன் நேராக இயந்திரத் துப்பாக்கி முன்னால் போய் நின்றது. அப்புறம்தான் புத்தி வந்தது. ஒரு செக்‌ஷன் சுட்டு எதிரியைத் தலைதூக்க விடாமல் வைத்திருக்க, இன்னொன்று பக்கவாட்டில் நகர வேண்டும், மூன்றாவது செக்‌ஷன் தேவைக்கென்று கையிருப்பில் நிற்க வேண்டும். 'எதற்காக' என்பதையும் சீட்டில் எழுதிவிட்டால், நிலைமை மாறும்போது செக்‌ஷன் தலைவர் தானாக முடிவெடுக்க விதி இடம் தருகிறது. ஆட்டத்தின் ருசியே இங்கேதான்.

குறையா? புகையைக் குறிக்கும் காய்கள் மெல்லிய அட்டை. மின்விசிறி போட்டால் நிஜமாகவே பறக்கின்றன. நடுவராக உட்கார ஒருத்தரும் ஒத்துக்கொள்வதில்லை.