மெத்தை வாங்கப் பேரங்காடியா, இணையமா?

அம்மாவின் பழைய மெத்தை நடுவில் குழி விழுந்துவிட்டது. புதிதாக வாங்கலாம் என்றதும் வீட்டில் இரண்டு கட்சி. இணையத்தில் வாங்கச் சொன்னான் தம்பி. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலைப் பேரங்காடிக்குப் போகலாம் என்றேன் நான். கடைசியில் பேரங்காடியில்தான் வாங்கினோம்.

தம்பியின் கட்சியிலும் நியாயம் இருக்கிறது. இணையத்தில் விலை குறைவு. மெத்தை சுருட்டிப் பெட்டியில் வருவதால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் மின்தூக்கியில் நுழையுமா என்ற கவலை இல்லை. 100 இரவு படுத்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்கிற நிறுவனங்களும் உண்டு. ஆனால் விரித்துவிட்ட மெத்தையை மறுபடி சுருட்ட முடியாது, எழுபதைத் தாண்டியவரை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சோதனை நடத்தவும் முடியாது.

பேரங்காடியில் அந்தச் சோதனை ஒரு மணி நேரத்தில் முடிந்தது. கால் படும் இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பு, தலையணைக்கு மெல்லிய காகித உறை. அம்மா கூச்சத்துடன் மல்லாந்து படுத்தார். விற்பனைப் பெண், "ஆன்ட்டி, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படிப் படுங்கள்" என்றதும் ஒருக்களித்தார். அந்தப் பெண் அம்மாவின் இடுப்புக்கும் மெத்தைக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தார். கை தாராளமாகப் போனால் மெத்தை அவருக்குக் கடினம். நுழையவே இடமில்லாமல் இடுப்பு அமிழ்ந்தால் மிருது அதிகம். பக்கத்துப் பக்கத்தில் கிடந்த வெவ்வேறு நிறுவனங்களின் மெத்தைகளில் மாறி மாறிப் படுத்த பிறகு, அம்மாவே ஒன்றைக் காட்டினார்.

எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி, கொடுத்த பணத்துக்கு யார் பொறுப்பு என்பதுதான். ராபின்சன்ஸ் பேரங்காடியின் கதை இங்கே யாருக்கும் மறந்திருக்காது. 1858இல் தொடங்கிய கடை. 1972இல் ராஃபிள்ஸ் பிளேஸ் கட்டடம் எரிந்து ஒன்பது பேர் இறந்த பிறகும் சில வாரங்களிலேயே ஆர்ச்சர்ட் சாலையில் எழுந்து நின்ற கடை. அது 2020 அக்டோபர் 30 அன்று மூடுவதாக அறிவித்தபோது, மெத்தைக்குப் பணம் கட்டிவிட்டுக் காத்திருந்தவர்கள் தவித்துப் போனார்கள். கடை கலைப்புக்குப் போய்விட்டால் நம் முன்பணமும் மற்றக் கடன்களோடு சேர்ந்துவிடும்.

பேரங்காடி வியாபாரம் நடக்கும் விதம் அப்படி. மெத்தைத் தளத்தில் நிற்பவர் பெரும்பாலும் மெத்தை நிறுவனத்தின் ஊழியர். சரக்கு வருவதும் அந்த நிறுவனத்தின் கிடங்கிலிருந்துதான். பணம் மட்டும் பேரங்காடியின் கல்லாவுக்குப் போகும். கடை தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைப் பிறகு கொடுக்கும். நடுவில் கடை விழுந்தால் வாங்கியவருக்கும் நஷ்டம், செய்தவருக்கும் நஷ்டம். ராபின்சன்ஸ் விஷயத்தில் சில மெத்தை நிறுவனங்கள் தாங்களே முன்வந்து மெத்தையைக் கொடுத்தது பெரிய மனசு. எல்லா நேரமும் அதை எதிர்பார்க்க முடியாது.

இவ்வளவும் தெரிந்தே நான் பேரங்காடியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உத்தரவாதம். மெத்தைக்குப் பத்து வருட உத்தரவாதம் என்றால், அதைத் தருவது பெரும்பாலும் கடை அல்ல, மெத்தை நிறுவனம். கடை மூடினாலும் அந்த அட்டை செல்லும். இணைய நிறுவனங்களில் பலவற்றுக்குக் கடையும் தயாரிப்பும் ஒன்றே. நிறுவனம் போனால் பின்னால் நிற்க ஆளில்லை. எனவே ஆபத்து, பணம் கட்டிய நாளுக்கும் மெத்தை வீடு வரும் நாளுக்கும் இடையில் மட்டும்தான். கையிருப்பில் உள்ளதாகப் பார்த்து, அதே வாரம் கொண்டுவரச் சொல்லி அந்த இடைவெளியைக் குறைத்தோம். புது வீட்டுச் சாவிக்குக் காத்திருப்பவர்கள் சலுகை விலைக்கு ஆசைப்பட்டு மாதக்கணக்கில் முன்பே முழுப்பணம் கட்டுவதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

பழைய பேரங்காடிகளில் ஜான் லிட்டில் போய்விட்டது, ராபின்சன்ஸ் போய்விட்டது. டாங்ஸும் தக்காஷிமாயாவும் நிற்கின்றன. பல நிறுவனங்களின் பொருளை ஒரே தளத்தில் தொட்டுப் பார்க்க வைப்பதுதான் பேரங்காடியால் இன்றும் செய்ய முடிகிற, இணையத்தால் முடியாத வேலை. அதற்காகக் கொஞ்சம் கூடுதல் வெள்ளி கொடுக்க எனக்குத் தயக்கமில்லை.

ஃபோம் மெத்தையின் நீண்டகால உழைப்பு பற்றி என் பேச்சை நம்பி முடிவெடுக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எப்போதும் ஸ்பிரிங்தான். வாடகை அறையில் இருந்துகொண்டு அடுத்த வருடமே இடம் மாறப்போகிறவருக்கு இணையப் பெட்டி மெத்தை தாராளமாகப் போதும். எங்கே வாங்கினாலும் அன்றே உறை போட்டுவிடுங்கள். கறை பட்டால் உத்தரவாதம் செல்லாது என்று அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள்.