சேலத்தில் ‘மாடல் மேக்கிங்’ கோர்ஸ் சேரப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் படிக்கவும்

கட்டட மாடலைக் கையாலேயே செய்யக் கற்றுத் தருகிறோம் என்ற விளம்பரத்தைப் பார்த்து சேலத்தில் யாராவது சேரப் போகிறீர்கள் என்றால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். டவுனுக்குள் இருக்கும் ஒரு பயிற்சி மையத்தில் 18,000 ரூபாய் ஃபீஸும், கிட் என்று தனியாக 4,500 ரூபாயும் கட்டினேன். கற்றுக்கொடுக்கவில்லை என்பதோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துப் போயிருப்பேன். என்னிடம் பணத்தையும் வாங்கிக்கொண்டு, என் உழைப்பையும் வெளியில் விற்றிருக்கிறார்கள். புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

நான் ஒரு இன்ஜினியர் ஆபீசில் பிளான் போடுகிறவன். வீடு கட்ட வருகிறவர்களில் பாதிப் பேருக்கு பிளான் புரியாது. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “படி எந்தப் பக்கம் ஏறுது தம்பி?” என்பார்கள். கம்ப்யூட்டரில் 3டி படம் காட்டினால் கலர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். அதே வீட்டைச் சின்னதாகச் செய்து மேஜை மேல் வைத்தால் வீட்டம்மா குனிந்து ஜன்னல் வழியாகப் பார்த்து, “அடுப்படியில வெளிச்சமே வராது போலிருக்கே” என்று சரியாகப் பிடித்துவிடுவார். அந்த வேலையைக் கற்றுக்கொள்ளத்தான் போனேன். ‘கட்டரும் ஸ்டீல் ஸ்கேலும் போதும், மெஷின் வேண்டாம்’ என்று நோட்டீஸில் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள்.

வகுப்பில் கட்டரைத் தொடவே விடவில்லை. “கை அறுத்துக்குவீங்க, நாங்களே கட் பண்ணித் தந்துடறோம்” என்றார் சொல்லிக்கொடுக்க வந்தவர். தந்ததெல்லாம் லேசர் மெஷினில் வெட்டிய எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) துண்டுகள். ஓரமெல்லாம் காப்பிக் கலரில் கருகியிருக்கும், கையில் எடுத்தாலே புகை வாசம் வரும். நம்பர் பார்த்து ஒட்டுவது மட்டும் எங்கள் வேலை. 4,500 ரூபாய் கிட்டில் தெர்மாகோல் தாளும் அதை ஒட்ட ரப்பர் பசையும் இருந்தன. அந்தப் பசையில் இருக்கும் சால்வென்ட் (கரைப்பான் திரவம்) தெர்மாகோலைக் கரைத்துவிடும். தடவிய இடமெல்லாம் குழி குழியாக உள்வாங்கிவிட்டது. தெர்மாகோலுக்கு சாதாரண வெள்ளை ஃபெவிகால்தான் போட வேண்டும். இது தெரியாத இடத்தில் என்ன சொல்லிக்கொடுத்துவிடப் போகிறார்கள்?

அடுத்து ‘லைவ் புராஜெக்ட்’ என்று ஆரம்பித்தார்கள். ஏற்காடு அடிவாரத்தில் மனைப்பிரிவு, 1:200 ஸ்கேலில், அதாவது நிஜ அளவில் 200-ல் ஒரு பங்காக மாடல். ராத்திரி ஒன்பது மணி வரை உட்கார வைத்து ரோடு, காம்பவுண்டு, தண்ணீர் டேங்க், ஸ்பாஞ்சைக் கிள்ளிப் பச்சைச் சாயம் போட்ட மரங்கள் என்று பேட்ச் முழுவதையும் ஒட்ட வைத்தார்கள். அம்மாபேட்டையிலிருந்து வந்த தச்சு வேலைக்கார அண்ணன் ஒருவர் எங்களோடு படித்தார். அவர்தான் முதலில் சந்தேகப்பட்டார். “படிக்கிற பசங்க மாடலுக்கு எதுக்குய்யா மனை நம்பர் ஸ்டிக்கரு?” என்றார்.

இதில் இன்னொரு விஷயம், மனை வாங்குகிறவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். நிலம் சரிவாக இருந்தால் மாடலில் கான்டூர் கோட்டுக்கு (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைத்து டிராயிங்கில் போடும் கோடு) ஒரு தாள் வீதம் வெட்டி அடுக்குவோம். ஒரு மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு கோடு என்றால், 1:200 ஸ்கேலில் தாளின் கனம் 5 மில்லிமீட்டர் இருந்தாக வேண்டும். எங்களுக்குக் கொடுத்ததோ 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். டிராயிங்கில் ரோட்டிலிருந்து பின் எல்லை வரை 12 மீட்டர் ஏற்றம் இருந்தது. மாடலில் அது 6 சென்டிமீட்டர் வர வேண்டும், வந்தது 3.6 தான். மலைச் சரிவைக் கிட்டத்தட்டப் பாதியாக அமுக்கிவிட்டார்கள். கேட்டதற்கு, “மேடா தெரிஞ்சா எவன் தம்பி மனை வாங்குவான்? பார்க்க அழகா இருந்தா போதும்” என்று பதில் வந்தது. அந்த மாடலை நம்பிப் பணம் கட்டுகிறவருக்கு, வீடு கட்டும்போது தாங்குசுவரும் அஸ்திவாரமும் எவ்வளவு இழுத்துவிடும் என்பது என்னைப் போல் பிளான் போடுகிறவர்களுக்குத் தெரியும். மாடலைப் பார்த்து மனை வாங்காதீர்கள். நேரில் நின்று பாருங்கள், நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்த சர்வே லெவல் கேளுங்கள், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

கொஞ்ச நாள் கழித்து ஆபீஸ் வேலையாக அடிவாரம் பக்கம் போனபோது, அந்த மனைப்பிரிவை விற்கும் புரமோட்டரின் சைட் ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் எங்கள் மாடல் இருந்தது. டேங்க்கின் ஏணியை நான் குண்டூசியை வெட்டிச் செய்திருந்தேன், அப்படியே இருந்தது. மாடலுக்கு 85,000 ரூபாய் கொடுத்ததாக அங்கிருந்தவரே சொன்னார். நாங்கள் ஃபீஸ் கட்டி, ராத்திரி உட்கார்ந்து செய்தது.

மையத்தில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “சர்டிபிகேட் பிரிண்ட் ஆயிடுச்சு தம்பி, இனிமே ரீஃபண்ட் கிடையாது” என்றார்கள். ‘அரசு அங்கீகாரம்’ என்று சொன்ன அந்தச் சான்றிதழை வாங்கிப் பார்த்தால், அதில் இருப்பது உத்யம் பதிவு எண். சிறுதொழில் நடத்துகிற யார் வேண்டுமானாலும் ஆதாரை வைத்து ஆன்லைனில் இலவசமாகப் பதிந்து வாங்கும் எண் அது. கடை இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். பாடத்துக்கும் பயிற்சிக்கும் அதில் எந்த அங்கீகாரமும் இல்லை. இந்த ஒரு எண்ணைக் காட்டி எத்தனை பிள்ளைகளிடம் பணம் வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

சேர்வதற்கு முன் இடம் நல்ல இடமா என்று பார்க்க, சொல்லிக்கொடுப்பவரை உங்கள் கண் முன்னால் 5 மில்லிமீட்டர் சன்போர்டை (மாடல் செய்யும் லேசான ஃபோம் அட்டை) கட்டரால் வெட்டச் சொல்லுங்கள். வேலை தெரிந்தவர் முதலில் மழுங்கின பிளேடு நுனியை உடைத்துவிட்டுப் புது முனை எடுப்பார். ஸ்டீல் ஸ்கேலை அழுத்திப் பிடித்து முதல் இழுப்பில் மேலாக ஒரு கோடு மட்டும் போடுவார். பிறகு அதே கோட்டில் இரண்டு மூன்று முறை இழுத்துத்தான் துண்டாக்குவார். ஒரே இழுப்பில் அழுத்தினால் பிளேடு சாய்ந்து ஓரம் கோணலாகிவிடும், மூலையில் இரண்டு சுவர் சேராது.

அப்புறம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். உள் அளவு 3 மீட்டருக்கு 4 மீட்டர் அறை, ஸ்கேல் 1:50, போர்டு கனம் 5 மில்லிமீட்டர். நாலு சுவரும் என்ன நீளம்? ஸ்கேலில் உள் அளவு 6 சென்டிமீட்டருக்கு 8 சென்டிமீட்டர். இரண்டு சுவரை 6 சென்டிமீட்டரில் வெட்டி உள்ளே நிறுத்தினால், மற்ற இரண்டும் அவற்றின் முனைகளையும் மூடிக்கொண்டு நிற்க 9 சென்டிமீட்டர் வேண்டும். எல்லாவற்றையும் 6, 8 என்று வெட்டுகிறவரிடம் மூலையில் இடைவெளிதான் மிஞ்சும். 1:50-க்கு 5 மில்லிமீட்டர் போர்டு ஏன் என்றும் கேளுங்கள். நம் ஊர் ஒன்பது இஞ்சு சுவர் 23 சென்டிமீட்டர், அந்த ஸ்கேலில் 4.6 மில்லிமீட்டர் வரும், அதற்கு நெருக்கமான கனம் அது. இதைப் பேசத் தெரிந்த ஆள் சின்ன ஷெட்டில் உட்கார்ந்திருந்தாலும் அவரிடம் சேரலாம். லேசர் கட்டிங் தப்பே இல்லை, பெரிய ஆபீஸ்களில் அதுதான் ஓடுகிறது. கையால் கற்றுத் தருகிறேன் என்று காசு வாங்கிவிட்டு மெஷின் துண்டைக் கொடுப்பதுதான் மோசடி.

முக்கியமாக, நீங்கள் செய்த மாடல் உங்கள் கைக்கு வருமா, வெளி ஆர்டருக்கு வேலை வாங்குவார்களா என்பதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மாட்டேன் என்றால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்யுங்கள். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். நானும் தச்சர் அண்ணனும் ரசீது, நோட்டீஸ், வாட்ஸ்அப் மெசேஜ், ராத்திரி வேலை செய்யும்போது எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து மனு போட்டிருக்கிறோம். அந்த பேட்ச்சில் இருந்தவர்கள் இதைப் பார்த்தால் உங்கள் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எங்கள் மனுவின் நகல் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.