தேயிலைத் தொழிற்சாலைக் கூரைக்குப் பூசிய தீந்தை: எட்டு மழைக்காலங்களுக்குப் பின்

இலங்கை மலையகத்தின் டிக்கோயாவுக்கு மேலே, தென்மேல் பருவக்காற்றை நேராக வாங்கும் சரிவொன்றில் நிற்கும் தேயிலைத் தொழிற்சாலையின் பராமரிப்பு வேலைகளை 2013 முதல் கவனித்து வருகிறேன். தோட்டத்துச் சனங்கள் இன்றும் அதை ‘ஸ்டோர்’ என்றே சொல்வார்கள். நான்கு மாடி; கூரை முழுவதும் தகரம், மேல்மாடிச் சுவர்களிலும் பெரும்பகுதி தகரம். மே மாதம் பிடிக்கும் மழை செப்டெம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். மழை இல்லாத நாட்களில் மூடுபனி அந்த வேலையைச் செய்யும். இந்தக் கூரைக்கு என் பொறுப்பில் இரண்டு தடவை தீந்தை (பெயின்ட்) பூசினோம். முதலாவது இரண்டு வருடத்தில் உரிந்தது. இரண்டாவது எட்டு மழைக்காலங்களைத் தாங்கியிருக்கிறது.

2014இல் மேற்குப் பக்கக் கூரையின் கீழ்ப்பாதியில் ஓட்டை விழுந்த பழைய தகரங்களைக் கழற்றிவிட்டு, நாகமுலாமிட்ட, அதாவது துத்தநாகம் பூசிய, புதிய தகரங்களை அடித்தோம். கையோடு கூரை முழுவதற்கும் ஒரே பச்சை எனாமலைப் பூசினோம். விற்றவர் ஐந்து வருட உத்தரவாதம் எழுதிக் கொடுத்தார். 2016 செப்டெம்பரில் மழை விட்டதும் ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது, புதிய தகரங்களில் தீந்தை உள்ளங்கை அகலத்துக்குக் கொப்பளித்து நின்றது. ஒரு விளிம்பைப் பிடித்து இழுத்தேன். அவித்த உருளைக்கிழங்கின் தோலைப் போல முழுத் துண்டாகக் கையோடு வந்தது. மேற்பக்கம் பளபளப்புக் குறையவில்லை. அடிப்பக்கத்தில் மாத்திரம் வெள்ளையாக, சற்றே பிசுபிசுப்பாக ஒரு படலம் இருந்தது. அதே நாளில், அதே வாளியிலிருந்து, அதே ஆட்கள் பூசிய மேல்பாதிப் பழைய தகரங்களில் தீந்தை அசையவே இல்லை.

அந்தப் பிசுபிசுப்புத்தான் காரணத்தைச் சொன்னது. சாதாரண எனாமல் எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட அல்கைட் பிசினால் ஆனது. நாகத்தின் மேல் ஈரம் பட்டு உருவாகும் காரத்தன்மையுள்ள சேர்வைகள் அந்தப் பிசினோடு தாக்கம் புரிந்து, தகரத்துக்கும் தீந்தைக்கும் நடுவில் சவர்க்காரம் போன்ற ஒரு படலத்தை உண்டாக்குகின்றன. பிடிமானம் அங்கே அறுந்துபோகிறது. பழைய தகரங்களில் நாகம் வெயிலிலும் மழையிலும் முன்பே தேய்ந்து போயிருந்ததாலும், எஞ்சியதன் மேல் பழைய பூச்சு மூடியிருந்ததாலும் அங்கே அது நடக்கவில்லை. உத்தரவாதத்தைக் கேட்டபோது, மேற்பரப்பைத் தயார் செய்யவில்லை என்று கைவிரித்தார்கள். அது உண்மைதான். ஆனால் புதிய தகரத்துக்கென்றே வாங்குகிறோம் என்று சொல்லித்தான் வாங்கினோம், அப்போது எவரும் அதைச் சொல்லவில்லை என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னமும் உண்டு.

2017 பெப்ரவரியில் எல்லாவற்றையும் திரும்பச் செய்தோம். புதிய தகரங்களில் எனாமலை முழுவதுமாகச் சுரண்டி எடுத்து, சவர்க்காரத் தூள் கரைத்த நீரால் தேய்த்துக் கழுவி, மிக மெல்லியதாக எட்ச் பிரைமர் என்ற, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அடிப்பூச்சு ஒன்றும், அதன்மேல் நீரை அடிப்படையாகக் கொண்ட அக்ரிலிக் தீந்தை இரண்டு பூச்சும் கொடுத்தோம். பழைய தகரங்களில் துரு ஏறிய இடங்களைக் கம்பிப் பிரஷால் தேய்த்து, கையால் சுத்தம் செய்த இரும்பிலும் பிடிக்கக்கூடிய இரு கூறு எபொக்சியை (பூசும்போது இரண்டு பாகங்களைக் கலந்து இறுக வைக்கும் தீந்தை) அடிப்பூச்சாகப் போட்டோம். எபொக்சி வெயிலில் மாவாகிவிடும் என்பதால் அதற்கு மேலும் அதே அக்ரிலிக். அந்தக் காலத்துத் தீந்தைகளில் ஈயம் இருக்கக்கூடும். ஆகவே பழைய பூச்சை ஒருபோதும் உலர்ந்த நிலையில் தேய்க்க விடவில்லை. நனைத்துச் சுரண்டி, சுரண்டியதைப் படங்கில் சேர்த்து அப்புறப்படுத்தினோம். கீழே காய்வது மனிதர் குடிக்கும் தேயிலை.

எந்தத் தீந்தை என்பதைவிட எந்த நேரத்தில் பூசுவது என்பதில்தான் எனக்கும் வேலையாட்களுக்கும் அதிக இழுபறி. மூத்த பெயின்டர் ஒருவர், “ஐயா, வெள்ளன தொடங்குனாத்தானே பொழுதோட முடிக்கலாம்” என்று நின்றார். காலை ஏழு மணிக்குத் தகரம் பார்வைக்குக் காய்ந்தே இருந்தது. அளந்து பார்த்தால் காற்று 17 பாகை, சாரீரப்பதன் (காற்றின் ஈரப்பத அளவு) 88 சதவீதம். அந்தக் காற்றின் பனிபடுநிலை, அதாவது அதன் ஈரம் பனியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, ஏறத்தாழ 15 பாகை. தகரமோ இரவு முழுவதும் குளிர்ந்து 14 பாகையில் கிடந்தது. விரலை வைத்து இழுத்தபோது மங்கலாக ஒரு தடம் விழுந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பனியை அவரிடம் காட்டினேன். தகரத்தின் வெப்பநிலை பனிபடுநிலையை விட 3 பாகையாவது கூடியிருக்க வேண்டும், சாரீரப்பதன் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பொதுவான விதி. பத்து மணிக்குத்தான் அது அமைந்தது. மூன்று மணிக்குப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறத் தொடங்கும். ஒரு நாளைக்கு ஐந்து மணித்தியாலம் மாத்திரமே கிடைத்ததால், பத்து நாளில் முடியும் என்று நினைத்த வேலை இருபத்து மூன்று நாள் இழுத்தது. அந்தப் பெயின்டர் மூன்றாம் நாளிலிருந்து தானே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாளியைத் திறந்தார்.

ஒரு தவறு எங்களுடையது. எபொக்சி பூசிய முதல் நாளில் மேல்மாடியில் கொழுந்து வாட்டுவதை நிறுத்தவில்லை. வாட்டும் தொட்டிகளின் விசிறிகள் மணிக்கணக்காகக் காற்றை இழுத்துக் கொழுந்தின் ஊடாகச் செலுத்துகின்றன. தேயிலையோ எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். அன்றைய தேயிலையைச் சுவை பார்த்த கொழும்புத் தரகர், தின்னர் வாடை அடிக்கிறது என்று திருப்பிவிட்டார். அதற்குப் பிறகு எபொக்சி வேலை நடக்கும் நாட்களில் கொழுந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது.

இப்போதைய நிலையைச் சொல்கிறேன். கிழக்குப் பக்கம் நிறம் சற்று வெளிறியதைத் தவிரக் குறையில்லை. மேற்குப் பக்கத்தில் தகரத்தின் சமதளம் எங்கும் உரியவில்லை. 2017இல் சராசரியாக 95 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) தடிப்பு இருந்த பூச்சு, சென்ற வருடம் அதே இடங்களில் 80 காட்டியது. துரு தெரிவது வெட்டு விளிம்புகளிலும், இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களிலும், திருகாணித் தலைகளிலும்தான். கூர்மையான விளிம்பில் தீந்தை மெலிந்துவிடும். ஏறும் இடத்தின் இடுக்கில் ஊறிய நீர் வாரக்கணக்கில் காயாது. இவற்றுக்கு முதலில் தூரிகையால் தனியாக ஒரு பூச்சுக் கொடுத்துவிட்டுத்தான் பொதுப்பூச்சுக்குப் போக வேண்டும். கடைசி நாட்களின் அவசரத்தில் கீழ் இரண்டு வரிசைகளில் அதை விட்டோம். துருவும் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பியிருக்கிறது.

கூரை நீர் வழியும் பீலிகளுக்குப் பூசிய தார்த் தீந்தை, சருகை மாதாமாதம் அள்ளிய இடங்களில் நன்றாக இருக்கிறது. கொழுந்து உருட்டும் அறையின் எபொக்சித் தரை கொப்பளித்ததால் எனக்குத் திருப்தி தரவில்லை. நிலத்து ஈரம் மேலே வருகிறதா என்று பொலித்தீன் தாளை ஒட்டி ஓர் இரவு விட்டுப் பார்த்திருந்தால், அந்தக் கொப்புளங்களைத் தவிர்த்திருக்கலாம்.

உத்தரவாதத்தைப் பற்றி இன்னொன்று. இரும்புக் கட்டமைப்புகளின் பூச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 12944 தரநிலை, ஒரு பூச்சின் நீடிப்பை 7 வருடம் வரை, 7 முதல் 15 வரை, 15 முதல் 25 வரை, அதற்கு மேல் எனப் பிரிக்கிறது. இது உத்தரவாதக் காலம் அல்ல, முதலாவது பெரிய பராமரிப்பு எப்போது வரும் என்று திட்டமிடுவதற்கான கணக்கு என்பதையும் அதே தரநிலை சொல்கிறது. எட்டாவது மழைக்காலத்துக்குப் பின் எங்களுக்கு அது வந்திருக்கிறது. வருகிற பெப்ரவரியில் மேற்குப் பக்கத்தின் கீழ் இரண்டு வரிசைகளில் விளிம்புகளையும் திருகாணிகளையும் சுரண்டி, எபொக்சி தொட்டு, பிறகு அந்தச் சரிவு முழுவதற்கும் அக்ரிலிக் ஒரு பூச்சு மாத்திரம் கொடுப்பதற்கான மதிப்பீட்டைத் தோட்ட நிர்வாகியான துரையிடம் கொடுத்துவிட்டேன். நாளைக்கு ஐந்து மணித்தியாலம் என்ற கணக்கில்தான் ஆட்களையும் நாட்களையும் எழுதியிருக்கிறேன்.