சென்னையில் வெளியே சாப்பிட்ட நாட்கள்

டொராண்டோவிலிருந்து ஊருக்கு வரும்போதெல்லாம் வீட்டுச் சாப்பாட்டை விட்டு வெளியே போக எனக்கு மனம் வராது. இம்முறை அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாக இருந்ததால், நான் ஊரில் இருக்கும் வரையிலாவது அவர் அடுப்படியில் நிற்க வேண்டாம் என்று தங்கையும் நானும் முடிவு செய்தோம். அதனால் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, தியாகராய நகர், அண்ணா நகர் என்று சென்னையின் பல பகுதிகளில், முன்பின் தெரியாதவரோடு மேசையைப் பகிர்ந்துகொள்ளும் சிறிய மெஸ் முதல் பெரிய வணிக வளாகத்தின் குளிரூட்டிய உணவகம் வரை பலவற்றில் சாப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. சுவையைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வயதான பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன: உட்கார இடம் எப்படிக் கிடைக்கிறது, யார் கவனிக்கிறார்கள், பில்லில் என்னென்ன சேர்க்கிறார்கள், பணத்தை எப்படிக் கொடுப்பது. அவற்றைப் பற்றியே எழுதுகிறேன். விலை கூடினால் உபசரிப்பும் கூடும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: நான் கண்ட மிகச் சிறந்த பரிமாறல், விலை குறைந்த பழைய டிபன் கடைகளிலும் சாப்பாட்டு மெஸ்களிலும்தான் இருந்தது.

திருவல்லிக்கேணியில் 1948 முதல் நடந்துவரும் ரத்னா கபேயில் இட்லி கேட்டால், தட்டை வைத்த கையோடு இட்லி மூழ்கும் அளவுக்குச் சாம்பாரை ஊற்றுகிறார்கள். அது வற்றும்போது கூப்பிடாமலே யாராவது மறுபடி வந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். மயிலாப்பூர் அருண்டேல் தெருவின் ராயர் மெஸ்ஸில் இடம் மிகச் சிறியது என்பதால், காலையில் வெளியே நின்றுதான் ஆக வேண்டும். ஆனால் உள்ளே உட்கார்ந்துவிட்டால் இட்லியும் பொங்கலும் வடையும் சட்னியும் தடையின்றி வருகின்றன; "இன்னும் ரெண்டு வைக்கட்டுமா, சார்?" என்று கேட்பவரின் குரலில், நம்மைச் சீக்கிரம் எழுப்பிவிட வேண்டும் என்ற அவசரம் இல்லை. இந்த இடங்களின் வேகத்துக்கும் கவனத்துக்கும் காரணங்கள் இருக்கின்றன. பண்டங்களின் பட்டியல் சிறியது. இட்லி காலை முழுவதும் ஈடு ஈடாக வெந்துகொண்டே இருப்பதால் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் விட முக்கியமாக, என்ன வேண்டும் என்று நம்மிடம் கேட்டுப் போகிறவரே அதைக் கொண்டுவந்து வைக்கிறார். குறை இருந்தால் அவரிடமே சொல்லலாம். கடைசியில் பில்லைத் தருகிறவரும் பெரும்பாலும் அவரே. நம் மேசைக்கு ஒருவர் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கிறது.

மதியச் சாப்பாட்டில் இதை இன்னும் நன்றாகக் காணலாம். மயிலாப்பூரில் ஒரு மெஸ்ஸில் அம்மாவுக்கு இலை போட்ட சர்வர், அவர் மெதுவாகச் சாப்பிடுவதைக் கவனித்துவிட்டு, ரசம் வரும் முறைக்கு மற்றவர்களோடு சேர்த்து அவருக்கும் சாதத்தைக் கொட்டாமல், வாளியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டுத் திரும்பி வந்தார். "நீங்க மெதுவா சாப்பிடுங்கம்மா, குழைஞ்ச சாதமா பார்த்துக் கொண்டு வரேன்" என்று சொல்லி, அப்படியே கொண்டுவந்தார். யாரும் அவரிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை. இலையைப் பார்த்தே எது தீர்ந்தது, எதை ஒதுக்குகிறார்கள், யாருக்கு மோர் வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொள்ளும் இந்தத் திறமைக்கு எந்தப் பயிற்சிப் பள்ளியும் சான்றிதழ் தருவதில்லை. ஆனால் உணவகத் தொழிலில் இதைவிடப் பெரிய திறமை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இவ்விடங்களில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கூட்ட நேரத்தில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் வந்து நின்றுவிடுகிறார். வயதானவர்களுக்கு அது பெரிய சங்கடம். கதீட்ரல் சாலையில் இருந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன்னில் ஒரு காபியோடு நெடுநேரம் உட்கார்ந்து பேசிய காலத்தை அம்மா அடிக்கடி சொல்வார். அது 2008இல் மூடப்பட்டு, அந்த இடம் 2010இல் செம்மொழிப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நிதானமாக உட்கார விரும்புகிறவர்கள் இன்று காலை பதினொரு மணிக்கு மேல் அல்லது பிற்பகல் மூன்றரை மணியளவில், சாப்பாட்டு நேரத்துக்கும் டிபன் நேரத்துக்கும் இடையே போவது நல்லது. காபியை மட்டும் சொல்லிவிட்டு அம்மாவோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தபோதும் அந்த நேரங்களில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

வணிக வளாகத்து உணவகங்களின் அனுபவம் வேறு. ஒன்றில், வாசலில் நின்ற பெண் பெயரையும் கைபேசி எண்ணையும் கேட்டார். என்னுடையது கனடா எண் என்றதும், பத்து இலக்க இந்திய எண் இல்லாமல் காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்க்கக் கருவி ஒப்புக்கொள்ளவில்லை. தங்கையின் எண்ணைக் கொடுத்து உள்ளே போனோம். மேசையில் அச்சிட்ட மெனு இல்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் அங்கேயும் எண்ணும் ஓடிபியும் கேட்டார்கள். அம்மாவால் அந்தச் சிறிய திரையைப் படிக்க முடியவில்லை. அச்சிட்ட மெனு கேட்டு வாங்கினோம். ஒன்றே ஒன்று இருந்தது. அதன்பின் ஆர்டர் எடுத்தவர் ஒருவர், தண்ணீர் வைத்தவர் ஒருவர், உணவைக் கொண்டுவந்தவர் இன்னொருவர், மேசையைத் துடைத்தவர் வேறொருவர். அம்மா கேட்ட சூப் கடைசியில், குழந்தைகள் சாப்பிட்டு முடித்தபின் வந்தது. யாரிடம் கேட்டாலும் "சொல்றேன், சார்" என்று பணிவாகச் சொன்னார்கள்; ஆனால் எங்கள் மேசைக்குப் பொறுப்பானவர் யார் என்பது இறுதிவரை தெரியவில்லை. அந்த இளைஞர்கள் மீது எனக்குக் குறை இல்லை. வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒருவர் கண்ணிலும் முழு மேசையும் படாதபடி செய்திருக்கும் முறையின் மீதுதான் குறை.

கைபேசி எண் குறித்து வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். பொருளோ சேவையோ வழங்க வாடிக்கையாளரின் எண்ணைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023இல் அறிவுறுத்தியிருக்கிறது. இதை மரியாதையாகச் சொன்ன ஓர் இடத்தில், மேலாளர் உடனே எண் இல்லாமலே பில் போட்டுக் கொடுத்தார்.

அதே வளாகத்து உணவகத்தின் பில்லில், வரிக்கு மேலே சேவைக் கட்டணம் என்று பத்து சதவீதம் தனியாகச் சேர்த்திருந்தார்கள். இது பற்றிப் பலருக்கும் குழப்பம் இருப்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சேவைக் கட்டணத்தைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, கொடுப்பதும் கொடுக்காததும் வாடிக்கையாளரின் விருப்பம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் வழக்குத் தொடுத்ததால் சில ஆண்டுகள் அவை நிறுத்திவைக்கப்பட்டிருந்தன. 2025 மார்ச் 28 அன்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த நெறிமுறைகள் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே அந்தச் சேவைக் கட்டணத்தை நீக்கச் சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். நான் கேட்டபோது முதலில் "இது எல்லாருக்கும் போடறதுதான், சார்" என்றார்கள். ஆணையத்தின் நெறிமுறையைக் குறிப்பிட்டதும் புது பில் வந்தது. குடும்பத்தோடு மகிழ்ச்சியாகச் சாப்பிட வந்த இடத்தில் இப்படி வாதாட வைப்பதே தவறு என்று நான் நினைக்கிறேன். பத்து சதவீதம் வேண்டுமென்றால் அதைப் பண்டத்தின் விலையிலேயே சேர்த்து மெனுவில் அச்சிடட்டும். வேண்டுமா வேண்டாமா என்று நாமே முடிவு செய்துகொள்வோம்.

ஜிஎஸ்டி வேறு, அதைக் கொடுத்தே ஆக வேண்டும். பெரும்பாலான உணவகங்களில், குளிரூட்டியதோ இல்லையோ, அது 5 சதவீதம். பில்லில் மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுவார்கள். நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேல் அறை வாடகை வாங்கும் பெரிய நட்சத்திர விடுதிகளுக்குள் இருக்கும் உணவகங்களில் மட்டும் 18 சதவீதம். தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலையைவிட அதிகம் வாங்குகிறார்களே என்று தங்கையின் கணவர் கோபப்பட்டார். உணவகங்களும் விடுதிகளும் அப்படி வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் சொல்லிவிட்டதால் அங்கே வாதம் எடுபடாது. "சாதா தண்ணி போதும்" என்று முதலிலேயே சொல்லிவிடுவதுதான் வழி. நாங்கள் போன இடங்களில் எல்லாம் சுத்திகரித்த நீரைத் தயக்கமின்றிக் கொடுத்தார்கள்.

பணம் கொடுப்பதில்தான் ஊர் மிகவும் மாறியிருக்கிறது. சிறிய மெஸ்களில் கார்டு தேய்க்கும் கருவி இருப்பதில்லை, ஆனால் கைபேசியால் வங்கிக் கணக்கிலிருந்து நேராகப் பணம் செலுத்தும் யுபிஐ முறைக்கான கியூஆர் அட்டையைக் கல்லாவில் ஒட்டாத கடையை நான் பார்க்கவில்லை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் உள்ளிட்ட 10 நாடுகளின் கைபேசி எண்களை, வெளிநாடுவாழ் இந்தியர்கள் இந்தியாவில் வைத்திருக்கும் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்த 2023 ஜனவரியில் வழி செய்யப்பட்டது. என் வங்கி இதற்கு ஒத்துழைத்ததால், கனடா எண்ணிலேயே பதினைந்து ரூபாய்க் காபிக்கும் பணம் செலுத்த முடிந்தது. புறப்படும் முன்பே உங்கள் வங்கியில் இதைக் கேட்டு முடித்துவிடுங்கள்; வந்து இறங்கியபின் செய்ய முயன்றால் விடுமுறை முழுவதும் வங்கிக் கிளையின் வாசலிலேயே கழிந்துவிடும். இந்தியக் கணக்கு இல்லாதவர்கள் நூறு, ஐம்பது, இருபது ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்வது நல்லது.

என் மகனுக்கு முந்திரி ஒவ்வாமை உண்டு. இதைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தப் பதிவுக்கே பொருளில்லை. டொராண்டோவில் உட்கார்ந்தவுடன் ஒவ்வாமை உண்டா என்று அவர்களே கேட்பார்கள். சென்னையில் நாங்கள் போன ஓர் இடத்திலும் கேட்கவில்லை. நாமே சொன்னால், "முந்திரியை எடுத்துடலாம், சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வந்தது. பொங்கலில் மேலே தெரியும் முந்திரியை எடுப்பது வேறு, குருமாவிலும் பன்னீர் கிரேவியிலும் அரைத்துச் சேர்த்த முந்திரி வேறு என்பதை ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருந்தது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், மெனுவில் கலோரி அளவோடு ஒவ்வாமை தரும் பொருள்களையும் தெரிவிக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி. ஆயினும் மெனுவில் அச்சிட்டது பரிமாறுபவருக்குத் தெரிந்திருப்பதில்லை. அண்ணா நகரில் நடுத்தரமான ஓர் உணவகத்தில் மட்டும், சர்வர் "இருங்க, மாஸ்டரையே கேட்டுடலாம்" என்று உள்ளே போய் அவரை அழைத்தே வந்துவிட்டார். எந்தக் குழம்பில் முந்திரி, எதில் தேங்காய் மட்டும், எந்த எண்ணெயில் முந்திரி வறுத்தார்கள் என்று அந்த மாஸ்டர் ஒன்றொன்றாகச் சொல்லி, தோசைக் கல்லைக் கழுவித் தனியாக வார்த்துக் கொடுத்தார். அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது. பிள்ளைகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள், தயங்காமல் சமையலறை மாஸ்டரிடமே பேச வேண்டும் என்று கேளுங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போங்கள். மருந்தைக் கையிலேயே வைத்திருங்கள்.

பரிமாறுபவர்களில் இன்று பலர் அசாம், பீகார், ஒடிசா, மணிப்பூர், நேபாளம் என்று தொலைவிலிருந்து வந்திருக்கும் இளைஞர்கள். தமிழ் தெரியாத ஆட்களை வைத்திருக்கிறார்கள் என்று குறைப்படும் உறவினர்கள் உண்டு. வேற்று நாட்டுக்குப் போய்ப் பிழைக்கும் எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. ஆனால் சிக்கல் உண்மையானது. காரம் குறைவாக, எண்ணெய் இல்லாமல், சர்க்கரை பாதி என்று அம்மா சொல்வதில் ஒன்றைத்தான் அவர்களால் புரிந்துகொள்ள முடிகிறது. தமிழ் தெரிந்த ஒரு மூத்த சர்வரோடு சேர்த்து அவர்களை அனுப்பும் கடைகளில் இந்தச் சிக்கலே எழவில்லை. தியாகராய நகரில் அசாம் இளைஞர் ஒருவர், "சூடு தண்ணியா, பாட்டி?" என்று திருத்தமாகக் கேட்டபோது அம்மா முகம் மலர்ந்து, அவருடைய ஊரையும் தாயாரையும் விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

கழிவறைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: வணிக வளாகங்களில் நன்றாக இருக்கின்றன, பழைய மெஸ்களில் பெரும்பாலும் இல்லை. படிகள் பெரிய தடை. முதல் மாடியில் ஏசி ஹால், லிப்ட் இல்லை என்ற அமைப்பு இன்னும் பரவலாக இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே ஒரு மேசையை ஒதுக்கி வைக்கிறோம் என்று சொல்லி, சொன்னபடியே செய்தவர்கள் உண்டு.

டிப்ஸ் பற்றி நண்பர்கள் கேட்பார்கள். கனடாவில் கார்டு கருவியே பதினைந்து, பதினெட்டு, இருபது என்று சதவீதத்தை நீட்டும். இங்கே அப்படி எதிர்பார்ப்பு இல்லை. ஆனால் யுபிஐ வந்தபின், முன்பு சில்லறையாகத் தட்டில் விழுந்த தொகை குறைந்துவிட்டது என்று பல சர்வர்கள் என்னிடம் சொன்னார்கள். பில் தொகை நேராகக் கல்லாவின் கணக்குக்குப் போய்விடுவதால் அவர்கள் கைக்கு எதுவும் வருவதில்லை. ஆகவே பில்லை யுபிஐயில் கட்டினாலும், டிப்ஸைத் தாளாக, பரிமாறியவரின் கையிலேயே கொடுங்கள். தட்டையும் தம்ளரையும் எடுக்கும் கிளீனருக்கும் தனியாகக் கொடுங்கள். சர்வருக்குக் கொடுப்பதில் அவருக்குப் பங்கு போவது கடைக்குக் கடை மாறுகிறது.