நட்சத்திரம் யாருக்குப் போட்டது?

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குக் கிளம்புவதற்கு முன் எங்கள் வீட்டில் ஒரு பட்டியல் தயாராகிவிடும். மூவாயிரம் ரூபாய்தான் கணக்கு. அதற்குள் ஒரு வருஷத்துக்கான புத்தகம் வாங்க வேண்டும். பட்டியலில் ஒரு பெயர் பிசகினால் முந்நூறு, நானூறு ரூபாய் போகிறது. அதைவிட, வாங்கியிருக்க வேண்டிய ஒரு நல்ல புத்தகம் இன்னொரு வருஷம் தள்ளிப்போகிறது. அதனால் என்னைப் போன்ற சாதாரண வாசகர்கள் ஒரு புத்தகத்தைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடிப் படிப்பதைச் சிரத்தையாகச் செய்கிறேன். வாசகர்கள் படித்ததைப் பற்றி எழுதும் குட்ரீட்ஸ் தளம், இணையக் கடையான அமேசான், தொடர்கதைகள் வரும் பிரதிலிபி மூன்றும் பல வருஷப் பழக்கம். குட்ரீட்ஸ் போன்ற இன்னொரு தளமான ஸ்டோரிகிராஃப் பின்னால் சேர்ந்தது. இவை எல்லாவற்றுக்கும் முன்பிருந்தே எங்கள் தெருக்கோடியில் கிளை நூலகம்.

இதில் எது சிறந்தது என்றுதான் முதலில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கேள்வியை மாற்றியவர் என் அத்தை. பிரதிலிபியில் தினமும் இரண்டு தொடர்கதையாவது படிப்பவர். ஒருநாள் ஓர் அத்தியாயத்தைப் படித்து முடித்து, "இன்னைக்கு ஒண்ணுமே நடக்கலை, சும்மா இழுத்திருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஐந்து நட்சத்திரம் போட்டார்.

"ஏன் அத்தை, நல்லா இல்லைன்னு சொல்லிட்டு அஞ்சு போடறீங்களே?"

"நட்சத்திரம் கதைக்கா போடறேன்? எழுதற பொண்ணுக்குப் போடறேன். வீட்டு வேலையெல்லாம் முடிச்சிட்டு ராத்திரி உட்கார்ந்து எழுதுது. நான் மூணு போட்டா நாளைக்கு எழுதுமா?"

அன்றிலிருந்து எங்கே கருத்தைப் படித்தாலும், இதை எழுதியவர் யார் காதில் விழ வேண்டும் என்று எழுதினார் என்பதைத்தான் முதலில் பார்க்கிறேன். பிரதிலிபியில், கதை எழுதியவர் காதில். அமேசானில், விற்றவர் காதிலும் அடுத்து வாங்கப் போகிறவர் காதிலும். குட்ரீட்ஸில் பெரும்பாலும் தனக்கும், தன்னைப் போல் வாசிக்கிற சில நண்பர்களுக்கும். ஒரே புத்தகத்தைப் பற்றி ஒரே ஆள் இந்த மூன்று இடத்திலும் எழுதினால்கூட மூன்று விதமாகத்தான் எழுதுவார்.

நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்வோம். குட்ரீட்ஸில் ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு பொருள் உண்டு: இரண்டு என்றால் பரவாயில்லை, மூன்று என்றால் பிடித்திருந்தது, நான்கு என்றால் மிகவும் பிடித்திருந்தது. அங்கே மூன்று வாங்கிய புத்தகம் ஒருவருக்குப் பிடித்த புத்தகம். அமேசானில் அதே மூன்று, ஏதோ குறை இருக்கிறது என்ற எச்சரிக்கை. பிரதிலிபியில் மூன்று போட்டால் எழுதியவர் மனம் நோகும். ஆகவே குட்ரீட்ஸில் 3.8 பார்த்தால் நான் தயங்காமல் மேலே படிப்பேன். அமேசானில் 3.8 என்றால் ஒரு நட்சத்திரம் போட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்று போய்ப் பார்ப்பேன். பிரதிலிபியில் 4.8 என்பது, எழுதுகிறவருக்கு அன்பான வாசகர்கள் இருக்கிறார்கள் என்று மட்டும் சொல்கிறது. இன்னொன்று: அமேசானில் தெரியும் எண் வெறுமே கூட்டி வகுத்த சராசரி இல்லை. கருத்து எவ்வளவு புதியது, அங்கேயே வாங்கியவர் எழுதியதா என்பதையெல்லாம் சேர்த்துக் கணக்கிடுவதாக அந்த நிறுவனமே சொல்கிறது. இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது ஓரிடத்து எண்ணை இன்னோரிடத்து எண்ணோடு வைத்துப் பார்ப்பதில் பயனே இல்லை.

குட்ரீட்ஸ் 2007-ல் தொடங்கியது. 2013-ல் அமேசான் அதை வாங்கிவிட்டது. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்றாலும் பேச்சு வேறு. இலக்கிய நாவல், சிறுகதைத் தொகுப்பு, கட்டுரை நூல் என்றால் என் முதல் தேடல் குட்ரீட்ஸில்தான். அங்கே ஒரு புத்தகத்துக்கு இருபது கருத்துதான் இருக்கும், ஆனால் அதில் இரண்டு பேராவது உட்கார்ந்து யோசித்து எழுதியிருப்பார்கள். எனக்கு இன்னும் முக்கியமானது, கருத்துச் சொன்னவரின் அலமாரியைத் திறந்து பார்க்க முடிவது. இவர் வேறு என்ன படித்தார், எனக்குப் பிடித்த இன்னொரு புத்தகத்துக்கு என்ன போட்டார் என்று பார்த்தால், இவர் சொல்வதை நான் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிந்துவிடும். இப்படிப் பார்த்துப் பார்த்து ஏழெட்டு பேரைப் பின்தொடர்கிறேன். என் பட்டியலில் பாதி அவர்களிடமிருந்து வருகிறது.

குறையும் இருக்கிறது. தமிழ்ப் புத்தகம் ஒன்றுக்கு அங்கே பல பதிவுகள் இருக்கும். தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று, அதிலும் நெடிலுக்கு ஒருவர் ஒற்றை 'a' போட்டிருப்பார், இன்னொருவர் இரட்டை 'aa'. ஒன்றில் நாற்பது கருத்து, மற்றதில் நான்கு. நான்கை மட்டும் பார்த்துவிட்டு, இதை யாருமே படிக்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவோம். லைப்ரேரியன் என்று பெயர் பெற்ற தன்னார்வலர்கள் பதிவுகளை ஒன்றாக இணைக்கிறார்கள், ஆனால் தமிழ்ப் பக்கம் வேலை நிறைய பாக்கி. அதனால் இரண்டு எழுத்திலும் தேடுங்கள். எழுத்தாளர் பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

அப்புறம், புத்தகம் வெளிவருவதற்கு முன்பே அங்கே நட்சத்திரம் போட முடிகிறது. 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் ரஷ்யாவின் சைபீரியாவில் நடக்கும் ஒரு நாவலை அறிவித்தார். உக்ரைன் போர் நடந்துகொண்டிருந்த நேரம். இன்னும் அச்சேறாத அந்த நாவலுக்கு ஒற்றை நட்சத்திரங்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தன. அவர் வெளியீட்டையே நிறுத்தி வைத்தார். அந்தக் கோபத்தின் நியாயம் வேறு விஷயம். படிக்காத புத்தகத்துக்குப் போட்ட நட்சத்திரம் வாசகருக்கு எதையும் சொல்வதில்லை. எனவே, புத்தகத்தின் உள்ளேயிருந்து ஒரு காட்சியையாவது, ஒரு பாத்திரத்தையாவது பேசாத கருத்தை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

பல பாகங்களாக வரும் நாவல்களில் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். முதல் பாகத்துக்குக் கருத்துச் சொன்னவர்கள் அதிகம். கடைசிப் பாகத்துக்குக் குறைவு, ஆனால் மதிப்பெண் உயர்ந்திருக்கும். பிடிக்காதவர்கள் முதல் பாகத்தோடு கிளம்பிவிடுகிறார்கள், ஐந்தாம் பாகம் வரை வருகிறவர் அன்பு வைத்தவர். எனவே தொடரை ஆரம்பிக்கலாமா என்று முடிவு செய்ய முதல் பாகத்தின் கருத்துகளை மட்டும் படிப்பது நல்லது.

சரி, அமேசானுக்கு வருவோம். "நன்றாக பேக் செய்து அனுப்பினார்கள், ஐந்து நட்சத்திரம்." "இரண்டு நாள் தாமதம், ஒரு நட்சத்திரம்." இதைப் படித்துவிட்டு அமேசான் கருத்துகள் வீண் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. அவை கதையைப் பற்றிப் பேசவில்லை. கையில் கிடைத்த பொருளைப் பற்றிப் பேசுகின்றன. தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்குத் தனித் தேவை இருக்கிறது. கல்கியின் பொன்னியின் செல்வன் போல நாட்டுடைமையான நூல்களை எந்தப் பதிப்பகமும் அச்சிடலாம். ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகப் பொடி எழுத்தில் போட்டவர்கள் உண்டு, தனித்தனியாகப் படங்களோடு போட்டவர்கள் உண்டு. கதையைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எந்தப் பதிப்பு என்பதுதான் கேள்வி. அதற்கு அமேசானில் வாசகர்கள் பிரித்து வைத்து எடுத்துப் போடும் படங்கள் அருமையான உதவி. எழுத்து எவ்வளவு பெரியது, தாள் எவ்வளவு மெல்லியது, நடுப்பக்கத்தில் வரிகள் மடிப்புக்குள் போகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

நான் பட்டதையும் சொல்கிறேன். படம் பார்க்காமல் விலை குறைவு என்று வாங்கிய ஒரு பழைய நாவலில் பதினாறு பக்கம் இரண்டு முறை இருந்தது, அடுத்த பதினாறு பக்கம் இல்லவே இல்லை. பதிப்பகத்துக்கு எழுதினேன், பதில் வரவில்லை. திரும்பப் போய்ப் பார்த்தால் இதே குறையை ஒருவர் எனக்கு நான்கு மாதம் முன்பே எழுதி வைத்திருந்தார். நாவலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அன்று வேண்டியிருந்த கருத்து அதுதான்.

ஒரு எச்சரிக்கை: அச்சுப் புத்தகம், கிண்டில் என்ற மின்னூல் பதிப்பு இரண்டின் கருத்துகளும் அங்கே பெரும்பாலும் ஒன்றாகக் கலந்து வரும். "எழுத்துகள் உடைந்து தெரிகின்றன" என்பது மின்னூலைப் பற்றியதாக இருக்கும், நாம் அச்சுப் புத்தகத்தைத் தள்ளிவிடுவோம். எந்தப் பதிப்பு என்று கருத்தின் மேலே சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுப் படிக்க வேண்டும்.

கிண்டில் பேச்சு வந்ததால் ஒன்று. 2016 டிசம்பரில் அங்கே தமிழ் வந்ததிலிருந்து எனக்குக் கிடைத்த பெரிய நன்மை இலவச மாதிரிப் பகுதி. முப்பது கருத்துகளைப் படிக்கிற நேரத்தில் நாவலின் முதல் இரண்டு அத்தியாயங்களையே படித்துவிடலாம். நாட்டுடைமையான நூல் என்றால், தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வைக்கும் மதுரைத் திட்டத்தில் பெரும்பாலும் முழுதாகவே கிடைக்கும். 1998 பொங்கலன்று தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை. இன்றும் காசு கேட்பதில்லை. ஈழத்து நூல்களுக்கு 2005-லிருந்து 'நூலகம்' என்ற இணையத் திட்டம் இருக்கிறது. ஈழத்துப் புத்தகங்களுக்குக் குட்ரீட்ஸிலும் அமேசானிலும் பல நேரம் ஒரு கருத்துகூட இருக்காது. அப்போது வருடி (ஸ்கேன் செய்து) வைத்த பக்கங்களை நாமே புரட்டிப் பார்ப்பது ஒன்றுதான் வழி, அந்த வழியை அந்தத் திட்டம் திறந்து வைத்திருக்கிறது.

பிரதிலிபியில் மதிப்பெண்ணை விட்டுவிடுங்கள், பின்னூட்டங்களைப் படியுங்கள். 2014-ல் தொடங்கிய தளம் அது. தமிழில் பெண்கள் எழுதவும் படிக்கவும் அவ்வளவு பெரிய கூடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அங்கே ஒவ்வொரு அத்தியாயத்தின் கீழும் பேச்சு நடக்கிறது. "அவன் மேல எனக்கு நம்பிக்கையே இல்லை", "அடுத்த பகுதி எப்போ மேம்?" வாரப் பத்திரிகையில் தொடர்கதை வந்த காலத்தில் வாசகர் கடிதம் அச்சாகி வரக் காத்திருக்க வேண்டும், இங்கே எழுத்தாளர் அன்றைக்கே படித்து அன்றைக்கே பதில் சொல்கிறார். நான் செய்வது, முதல் அத்தியாயத்தின் பின்னூட்டங்களைத் தாண்டி இருபதாவது, முப்பதாவது அத்தியாயத்துக்குப் போவது. வாழ்த்தும் ஸ்டிக்கரும் மட்டும் இருந்தால் விட்டுவிடுவேன். பாத்திரங்களின் மேல் வாசகர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அந்தக் கதைக்கு உயிர் இருக்கிறது. அத்தையின் ஐந்து நட்சத்திரத்தைவிட, அவர் எழுதிய "அந்த மாமியாரைக் கொஞ்சம் பேச விடுங்க" என்ற ஒரு வரி எனக்கு அந்தக் கதையை நன்றாகக் காட்டியது.

ஸ்டோரிகிராஃபில் கேட்கப்படும் கேள்விகள் எனக்குப் பிடிக்கும். கதை மெதுவாகப் போகிறதா வேகமாகவா, நடத்துவது சம்பவமா பாத்திரமா, படித்தபோது மனநிலை என்ன என்று கேட்கிறார்கள். கால் நட்சத்திரம்கூடப் போடலாம். அடுத்த வாசகருக்கு உண்மையில் வேண்டிய தகவல் இது. ஆனால் தமிழ்ப் புத்தகங்களும் தமிழ் வாசகர்களும் அங்கே மிகக் குறைவு. இப்போதைக்கு என் ஆங்கில வாசிப்புக்கு மட்டும் வைத்திருக்கிறேன்.

வாசிப்புச் செயலிகளைப் பற்றிய கருத்துகள் பிளே ஸ்டோரில் இருக்கின்றன. அவற்றில் புதியவற்றை மட்டும் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒருவர் சொன்ன குறை சரியாகியிருக்கும், அன்று இருந்த வசதி போயிருக்கும். தமிழ் எழுத்து உடைகிறதா, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி மடங்கிக் கொடுக்கிறதா, சந்தாவை நிறுத்துவது சுலபமா: நான் தேடுவது இந்த மூன்றுதான்.

கடைசியில் கிளை நூலகம். 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்தால் நாம் எல்லாரும் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், ஆகவே அது நம் இடம். அங்கே நட்சத்திரம் கிடையாது. பின்னட்டையின் உள்பக்கம் ஒட்டிய தேதிச் சீட்டு இருக்கிறது. எத்தனை பேர் எடுத்துப் போனார்கள், எவ்வளவு இடைவெளியில் எடுத்தார்கள் என்று மை அழிந்த முத்திரைகளிலிருந்து படித்துவிடலாம். யாரையும் மகிழ்விக்கவோ எச்சரிக்கவோ அந்தத் தேதிகள் விழவில்லை. மாதத்துக்கு ஒருமுறை கூடும் வாசகர் வட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வருவார். "நாலாம் அத்தியாயம் வரைக்கும் பொறுத்துக்கோங்க தம்பி, அதுக்கப்புறம் கீழே வைக்க மாட்டீங்க" என்பார். அவர் சொல்லி நான் ஏமாந்ததில்லை. ஒருவேளை நூலகச் சீட்டையும் அவரையும்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

அப்படி எடுத்த ஒரு கிராமத்து நாவலைப் போன மாதம் முடித்தேன். எழுதியவர் மறைந்து பல வருஷம் ஆகிறது. குட்ரீட்ஸில் இரண்டு எழுத்திலும் தேடினேன். பதிவு இருந்தது, கருத்து ஒன்றுகூட இல்லை. எந்தப் பதிப்பு, எழுத்து எவ்வளவு பெரியது, எங்கே தொய்கிறது, கிணறு வெட்டும் அத்தியாயம் ஏன் மனதை விட்டுப் போகவில்லை என்று பத்து வரி எழுதி, மூன்று நட்சத்திரம் போட்டேன். பக்கத்தில் இருந்த அத்தை எட்டிப் பார்த்தார்.

"அவ்வளவு சொல்லிட்டு மூணுதானா?"

"எழுதினவர் இப்ப இல்லை அத்தை. இது படிக்கப் போறவங்களுக்கு."