அர்ரே_ஃபில்டர் விழுங்கிய முட்டை

பிஎச்பி என்ற புரோகிராமிங் மொழியில் நான் அதிகம் தட்டிய ஃபங்ஷன் அர்ரே_ஃபில்டராகத்தான் இருக்கும். 5.6 வெர்ஷன் காலத்தில் பழகியது, 8 வந்த பிறகும் விடவில்லை. அர்ரேயை, அதாவது மதிப்புகளின் பட்டியலை, மட்டும் உள்ளே போட்டால் போதும், காலியானதெல்லாம் போய்விடும். முதல் ஒரு வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பள்ளிக்கு மதிப்பெண் பட்டியல் செய்துகொடுத்தேன். தேர்வுக்கு வராவிட்டால் கட்டம் காலி. எழுதி முட்டை வாங்கினால் 0. ஒரு பையனின் நான்கு மாதத் தேர்வுகள்: 45, காலி, 0, 52. எழுதிய மூன்றுக்குச் சராசரி 32.33, அதாவது ஃபெயில். திரையில் 48.5 என்று நின்றது. கணக்கு டீச்சர் பேப்பரில் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன சார், 97ஐ ரெண்டால வகுத்திருக்கீங்க?" என்றார். முட்டையை ஃபில்டர் விழுங்கியிருந்தது.

எதை வைக்க வேண்டும் என்று சொல்லும் ஃபங்ஷனை, அதாவது கால்பேக்கை, தராவிட்டால் ஒவ்வொரு மதிப்பையும் அது பூலியனாக, அதாவது உண்மையா பொய்யா என்று மட்டும், பார்க்கிறது. நல் (மதிப்பே இல்லாதது), ஃபால்ஸ் (பொய்), எழுத்தே இல்லாத வெற்று ஸ்ட்ரிங், காலி அர்ரே போவது சரி. அவற்றோடு 0 போகும், மேற்கோளுக்குள் இருக்கும் "0" கூடப் போகும். ஆனால் "0.0" என்ற ஸ்ட்ரிங் தப்பிவிடும்! ஒரே ஒரு ஸ்பேஸ் இருந்தாலும் நிற்கும்.

அப்புறம் எல்லோரும் சொல்வதுபோல ஸ்ட்ரிங்கின் நீளம் சொல்லும் ஸ்டர்லென்னைக் கால்பேக்காகக் கொடுத்தேன். நீளம் பார்ப்பதால் 0 பிழைத்தது. பல வருடம் நன்றாகவே ஓடியது. 8.1க்கு மாறியதும், ஸ்டர்லென்னுக்கு நல் அனுப்பாதே என்ற எச்சரிக்கை லாக் ஃபைல் முழுக்க. இப்போது 7.4இல் வந்த, சுருக்கமாக எழுதும் ஆரோ ஃபங்ஷன்தான் கால்பேக்: நல் இல்லை, ஓர ஸ்பேஸ்களை டிரிம் செய்தாலும் வெற்று ஸ்ட்ரிங் இல்லை என்றால் மட்டும் வை. ஒரு வரி கூடுதல், ஆனால் எது காலி என்பதை நானே சொல்கிறேன்.

இன்னொரு வலி, பழைய கீகள், அதாவது மதிப்புகளின் வரிசை எண்கள், அப்படியே இருப்பது. 0, 1, 2 இருந்து நடுவில் ஒன்று போனால் மிச்சம் 0, 2. அதை ஆப்புக்கு அனுப்பும் ஜேசன் வடிவமாக்கினால் சதுர அடைப்பு நெளிவு அடைப்பாகிவிடும்; லிஸ்டை எதிர்பார்த்த மொபைல் ஆப் படுத்துவிட்டது. கீகளை மறுபடி 0, 1 என்று அடுக்கும் அர்ரே_வேல்யூஸ் போட்டுத்தான் அனுப்ப வேண்டும்.

அர்ரே_ஃபில்டரில் அர்ரே முதலில், ஒவ்வொரு மதிப்பையும் மாற்றித் தரும் அர்ரே_மேப்பில் கால்பேக் முதலில். இன்றைக்குக் காலையிலும் மாற்றித்தான் போட்டேன்.