டாஃபெப் புகார்ச் சேவை: ஆதாரம் கையில் இருந்தால் பலன் உண்டு

சிங்கப்பூரில் வேலை விளம்பரத்தில் இனத்தை நேரடியாகக் குறிப்பிடும் துணிச்சல் இப்போது குறைவு. 'மாண்டரின் பேச வேண்டும்' என்ற ஒற்றை வரியே மற்ற இனத்தவரை ஒதுக்கிவிடுகிறது. நியாயமான வேலை நடைமுறைகளுக்காக அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் சேர்ந்து 2006ல் அமைத்த முத்தரப்புக் கூட்டணியான டாஃபெப்பின் (TAFEP) நெறிமுறை இதில் தெளிவாக இருக்கிறது. மொழி ஏன் தேவை என்பதை விளம்பரமே சொல்ல வேண்டும்: 'சீனம் பேசும் வாடிக்கையாளர்களைக் கவனிக்க' என்பதுபோல. காரணம் இல்லையா, தயங்காமல் புகார் கொடுங்கள்.

இணையத்திலேயே கொடுக்கலாம், கட்டணமில்லை. பலரும் கோட்டைவிடுவது ஆதாரத்தில்தான். விளம்பரத்தை நொடியில் அழித்துவிடலாம் என்பதால், பார்த்த கையோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். நிறுவனப் பெயர், தேதி, இணைய முகவரி மூன்றும் அதில் தெரிய வேண்டும். நேர்முகத்தில் இனம், மதம் பற்றிக் கேட்டால், அதே சொற்களில் அன்றே குறித்துவையுங்கள். 'என்னை ஒதுக்கிவிட்டார்கள்' என்று மட்டும் எழுதினால் விசாரிக்கப் பிடி கிடைக்காது.

இழப்பீடு வாங்கித் தருவது டாஃபெப்பின் வேலையல்ல. அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். கடுமையான மீறல்கள் மனிதவள அமைச்சுக்குப் போகும். வெளிநாட்டு ஊழியரை எடுப்பதற்கான நிறுவனத்தின் வேலை அனுமதிச் சலுகைகளை 12 முதல் 24 மாதம்வரை அமைச்சு நிறுத்திவைக்கலாம். முதலாளிகள் அஞ்சுவது இதற்குத்தான்.

வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் வேலையிட நியாயச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. 25 ஊழியருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு முதல் 5 ஆண்டு விலக்கு அளித்திருப்பது பெரிய ஓட்டை. அங்கே வேலை தேடுவோருக்கு இந்தப் புகார்ப் படிவம்தான் துணை. பாதிக்கப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்றில்லை. அப்படியொரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் வந்தால், பகிர்ந்து புலம்புவதற்கு முன் படிவத்தை நிரப்புங்கள்.